ஹார்டுவேர் டைம்ஸ்டாம்ப் திடீர்னு 4 நொடி எகிறுது, உதவி தேவை

பாக்கெட்வாசி:
நெட்வொர்க் கார்டு ட்ரைவர்ல பிடிபி (நெட்வொர்க் வழியா கடிகாரங்களை ஒத்துப்போக வைக்கற நெறிமுறை) சப்போர்ட் சேர்த்திருக்கேன். நல்லா ஓடிட்டே இருக்கும், திடீர்னு ஆஃப்செட் (மாஸ்டர் கடிகாரத்தோட இருக்கற வித்தியாசம்) 4 நொடி எகிறிடுது. அப்புறம் பழைய நிலைக்கு வர ரொம்ப நேரம் ஆகுது. ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை இப்படி. கேபிள், ஸ்விட்ச் ரெண்டும் மாத்திப் பார்த்தாச்சு. அவசரம்.

நானோமுள்:
டைம்ஸ்டாம்ப் (பாக்கெட் வந்த நேரம்) டிஸ்கிரிப்டர்லயே (ஒவ்வொரு பாக்கெட்டோடயும் கார்டு தர்ற குறிப்பு) வருதா, தனி ரெஜிஸ்டர்ல படிக்கிறீங்களா? எத்தனை பிட்? நொடிக்கு எத்தனை சிங்க் (மாஸ்டர் அனுப்பற நேரச் செய்தி)? "4 நொடி"ங்கறது போதாது, லாக்ல இருக்கற எண்ணை அப்படியே போடுங்க.

உச்சிவெயில்:
டிஏஐ (அணுக் கடிகார நேரம்), யூடிசி (உலகப் பொது நேரம்) குழப்பமா இருக்கும். 2017 ஜனவரியிலிருந்து வித்தியாசம் 37 நொடி. அதைச் சரிபாருங்க.

நானோமுள்:
அது 37, இது 4. அதுவும் நிலையா நிக்கற வித்தியாசம், நாளைக்கு எட்டு தடவை வந்து போகாது.

மணல்கடிகை:
இன்டரப்ட் தாமதம்தான். ஆர்எக்ஸ் யூசெக்ஸை (பாக்கெட் வந்த பிறகு இன்டரப்ட் கொடுக்க கார்டு காத்திருக்கற மைக்ரோநொடி) 0 ஆக்குங்க.

மூலவர்:
ட்ரைவர்ல கை வைக்கறதுக்கு முன்னாடி கர்னலோட டைம்ஸ்டாம்பிங் ஆவணத்தை ஒரு தடவையாவது முழுசா படிக்கணும். டைம்கவுண்டர்னு ஒண்ணு (சின்ன கவுண்டரை 64 பிட் நேரமா நீட்டற கர்னல் வசதி) எதுக்கு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது.

பாக்கெட்வாசி:
மாஸ்டர் ஆஃப்செட் 4294967318 நானோநொடி. டிஸ்கிரிப்டர்ல 32 பிட்தான் வருது, மேல் 32 பிட்டை கார்டு கடிகாரத்துல படிச்சு ஒட்டறேன். நொடிக்கு 8 சிங்க். யூசெக்ஸ் 50 இருந்தது; 0 ஆக்கினதும் குறைஞ்சது, ஆனா நிக்கல.

நானோமுள்:
4294967296ங்கறது 2இன் 32ஆம் அடுக்கு. மீதி 22 நானோநொடிதான் உங்க உண்மையான ஆஃப்செட். கீழ் 32 பிட் 4.295 நொடிக்கு ஒரு தடவை சுத்தி பூஜ்யத்துக்கு வரும். பாக்கெட் அந்தச் சுற்றுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்து, நீங்க மேல் பாதியைச் சுற்றுக்குப் பின்னாடி படிச்சா ஒண்ணு கூடிடும். இடைவெளி 50 மைக்ரோநொடின்னா சுமார் 86,000 பாக்கெட்டுக்கு ஒண்ணு. நொடிக்கு 8ன்னா மூணு மணி நேரத்துக்கு ஒண்ணு. உங்க "ஏழெட்டு தடவை" அப்படியே பொருந்துது. மணல்கடிகை சொன்னது இடைவெளியைச் சுருக்கும், பிழையை எடுக்காது.

திருத்தம்: முழு 64 பிட் நேரத்தை ஒரு ஒர்க்கர் (பின்னணியில ஓடற வேலை) வச்சு நொடிக்கு ஒரு தடவை படிச்சு சேமிங்க (வரம்பு 2.147 நொடி, சுற்றுல பாதி). டிஸ்கிரிப்டர் மதிப்புல இருந்து சேமிச்சதோட கீழ் 32 பிட்டைக் கழிச்சு, விடையை 32 பிட் சைன்டு எண்ணா எடுத்து, சேமிச்ச நேரத்தோட கூட்டுங்க. முந்தைய பாக்கெட்னா தானா மைனஸ் ஆகும். செட்டைம், அட்ஜ்டைம் (கடிகார நேரத்தை மாத்தற ட்ரைவர் செயல்கள்) முடிஞ்ச உடனே சேமிப்பைப் புதுப்பிக்கணும், மறந்தா வேற மாதிரி குதிக்கும். 64 பிட்டைப் படிக்கறப்ப மேல், கீழ், திரும்ப மேல்; ரெண்டு மேலும் ஒண்ணா இல்லைன்னா மறுபடி படிங்க.

உச்சிவெயில்:
ஸ்டெப் த்ரெஷோல்ட் (எத்தனை நொடி தப்பினா கடிகாரத்தைத் தாவ விடலாம்ங்கற வரம்பு) 1 வச்சா சீக்கிரம் சரியாகிடாதா?

நானோமுள்:
வேண்டாம். இப்போ இயல்பா 0 இருக்கறதால, தொடங்கின பிறகு பிடிபி நிரல் கடிகாரத்தைத் தாவ விடாது, வேகத்தை மட்டும்தான் மாத்தும். 1 வச்சா ஒரு தப்பான சாம்பிளுக்காக நிஜக் கடிகாரமே 4 நொடி பின்னாடி போயிடும்.

மூலவர்:
டைம்கவுண்டர் இதைத்தான் பத்து வரியில செய்யுது. கையால எழுதறது வீண் வேலை.

நானோமுள்:
டைம்கவுண்டர் வச்சா அட்ஜ்டைம் மென்பொருள் கணக்குல மட்டும்தான் நடக்கும். கார்டோட பிபிஎஸ் பின் (நொடிக்கு ஒரு துடிப்பு தர்றது) ஹார்டுவேர் கவுண்டரைத்தான் பார்க்கும், நொடி விளிம்பு தள்ளிப் போயிடும். இந்தக் கார்டுல கவுண்டரையே திருத்தலாம்னா அதைத் திருத்தறதுதான் சரி.

மூலவர்:
பிபிஎஸ் வேணும்னு அவர் கேட்கவே இல்லையே.

மணல்கடிகை:
இன்னைக்குக் கேட்கல. பின் இருந்தா நாளைக்கு யாராவது கேட்பாங்க.

நானோமுள்:
சோதிக்க மூணு மணி நேரம் காத்திருக்க வேண்டாம். பிடிபி பாக்கெட்டுக்கு மட்டும், கடிகாரத்தைப் படிக்கறதுக்கு முன்னாடி 1 மில்லிநொடி தாமதம் போடுங்க. பழைய நிரல்ல சராசரியா 9 நிமிஷத்துக்கு ஒரு குதிப்பு வரணும். புதுசுல ஒண்ணுகூட வரக்கூடாது.

பாக்கெட்வாசி:
பழசுல 40 நிமிஷத்துல 5 வந்துச்சு. புதுசு 18 மணி நேரமா ஓடுது, ஒண்ணும் இல்ல. நன்றி.

நானோமுள்:
டிஎக்ஸ் (பாக்கெட் அனுப்பற) பக்கமும் மாத்தினீங்களா? அங்க இதே பிழை வந்தா பாத் டிலே (பாக்கெட்டோட பயண நேரம்) ஒரே ஒரு சாம்பிளுக்கு சுமார் மைனஸ் 2147483648 நானோநொடி ஆகும். ஆனா டிலே ஃபில்டர் 10 சாம்பிளோட நடுமதிப்பை எடுக்கறதால ஆஃப்செட்ல தெரியாது. ஃபில்டர் நீளத்தை 1 ஆக்கிப் பாருங்க.