கில்லட்டினுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'கெடு வாக்கெடுப்பு'

அன்புள்ள நண்பர்களுக்கு,

மானியக் கோரிக்கைகளை, அதாவது அமைச்சகங்கள் தங்கள் செலவுக்காக மக்களவையிடம் கேட்கும் தொகைகளை, விவாதம் முடியாமலே குறித்த நேரத்தில் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடுவதை, பிரெஞ்சுக்காரர்களின் தலை வெட்டும் கருவியின் பெயரால் 'கில்லட்டின்' என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடி மூன்று நாளாக ஓடும் இந்த இழையில் 'தலைவெட்டு', 'கழுத்தறுப்பு', 'விவாத வெட்டு' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. முதல் நாள் நானும் 'மடையடைப்பு' என்று ஒன்றைச் சொன்னேன். நான்கும் வேண்டாம் என்பதே இப்போது என் கருத்து. "கத்தி இல்லாமல் கில்லட்டின் ஏது?" என்று தூத்துக்குடி அண்ணாச்சி கேட்டிருந்தார்கள். அந்தக் கத்திதான் சிக்கலே, அண்ணாச்சி.

பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் அரசியலமைப்பு நடத்துகிறேன். சென்ற மாத மாதிரித் தேர்வில், அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தாள்: "குறித்த கடைசி நாளில், விவாதிக்காமல் கிடக்கும் மானியக் கோரிக்கைகளை எல்லாம் சபாநாயகர் வாக்கெடுப்புக்கு விடுவது வெட்டுத் தீர்மானம்." விளக்கத்தில் ஒரு குறையும் இல்லை, பெயர்தான் தப்பு. கில்லட்டின் என்றால் வெட்டும் கருவி என்று போர்டில் படம் போட்டுக் காட்டியவன் நான். அவள் வெட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த விடைக்கு மதிப்பெண் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

வெட்டுத் தீர்மானம் என்பது வேறு. ஒரு கோரிக்கையின் தொகையை ஒரு ரூபாயாகக் குறை என்றோ, நூறு ரூபாய் குறை என்றோ உறுப்பினர் கொண்டுவருவது அது. அதே பட்ஜெட் கூட்டத்தொடரில், அதே மானியக் கோரிக்கைகள் மீதுதான் அதுவும் வருகிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு ஒரே பெயர் வைத்தால் தபால் மாறித்தான் போகும். 'வெட்டு' ஏற்கெனவே குடியேறிய சொல், அதை விட்டுவிடுவோம்.

இனி, நடப்பது என்னவென்று பார்ப்போம். மக்களவையில் எந்த அலுவலுக்கு எத்தனை மணி நேரம் என்று அலுவல் ஆய்வுக் குழு பங்கு வைக்கிறது. மானியக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கிய நாட்களில் கடைசி நாள், குறித்த மணி வந்ததும், மீதி இருப்பவற்றை எல்லாம் சபாநாயகர் உடனே வாக்கெடுப்புக்கு விட்டாக வேண்டும். இது மக்களவை நடைமுறை விதி 208. இதற்கு யாரும் எழுந்து தீர்மானம் கொண்டுவர வேண்டியதில்லை. விவாதத்தை நிறுத்தக் கோரும் விவாத முடிப்பு (closure) அப்படியல்ல. அங்கே ஓர் உறுப்பினர் முன்மொழிய வேண்டும், சபாநாயகர் ஏற்க வேண்டும். அது விதி 362. கில்லட்டினில் உத்தரவு போடுவது கடிகாரம்.

கேள்வி நேரத்திலும் கடிகாரம்தான். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், அதாவது அமைச்சர் வாய்மொழியாக விடை சொல்ல வேண்டிய கேள்விகள், பட்டியலில் இருக்கும். 11 மணிக்குத் தொடங்கி, துணைக் கேள்விகளோடு சில கேள்விகள் முடிவதற்குள் 12 அடித்துவிடும். மீதிக்கு எழுத்தில் விடை மேசைமேல் வைக்கப்படும். வாய்மொழி போனாலும் ஒரு தாளாவது மிஞ்சுகிறது. விவாதிக்காத மானியக் கோரிக்கைக்கு அவையில் அதுவும் மிஞ்சுவதில்லை. 2018 மார்ச் 14 அன்றும், 2023 மார்ச் 23 அன்றும், எந்த அமைச்சகத்தின் கோரிக்கையும் விவாதிக்கப்படாமல் மக்களவையில் எல்லாமே கில்லட்டின் வழியில் நிறைவேறின. 2023-24 பட்ஜெட்டின் மொத்தச் செலவு சுமார் 45 லட்சம் கோடி ரூபாய். இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு தெளிவான தமிழ்ப் பெயர் இல்லாமல் இருக்கலாமா?

'மடையடைப்பு' எனக்கு ஏன் தோன்றியது என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் சேரன்மகாதேவி, கன்னடியன் கால்வாய்ப் பாசனம். பிசான நெல் சாகுபடியின் கடைசியில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். ராத்திரி முறை என்றால் அப்பாவோடு நானும் போவேன். டார்ச் வெளிச்சத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நேரம் ஆனதும் மறுபேச்சு கிடையாது. வைக்கோலைச் சுருட்டி வைத்து, மம்பட்டியால் சேற்றை அள்ளிப் போட்டு, வாமடையை மிதித்து அடைப்பார். வயலின் மேட்டுப் பக்கம் வெடிப்பு அப்படியே கிடக்கும். அடுத்தவர் வரப்பில் நின்றுகொண்டிருப்பார்.

நேரம் முடிந்ததும் அடைப்பதுவரை பொருத்தம் சரிதான். ஆனால் தண்ணீர் பாயாத மேட்டை அறுத்ததாக எங்கள் ஊரில் யாரும் கணக்கு எழுத மாட்டார்கள். அவையிலோ பேச்சே பாயாத கோரிக்கையும் நிறைவேறிவிடுகிறது. நிற்பது பேச்சு மட்டும்தான், பணம் போய்ச் சேர்ந்துவிடும். 'மடையடைப்பு' என்றால் பணத்தை நிறுத்திவிட்டார்கள் என்று படிப்பவர் நினைப்பார். 'கழுத்தறுப்பு' என்றாலும் அதே குழப்பம்தான். அதனால் என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

இதில் இருப்பவை இரண்டு: கெடு முடிவது, வாக்கெடுப்பு நடப்பது. 'கெடு வாக்கெடுப்பு' என்று வைத்துக்கொள்வோமே.

'கெடு' என்றால் கெட்டுப்போவது என்று தோன்றாதா என நெல்லை டவுனிலிருந்து ஒரு தங்கை தனி மடலில் கேட்டார். "மின் கட்டணம் கட்ட நாளையோடு கெடு முடிகிறது" என்று படித்து யாரும் தடுமாறுவதில்லை. சேர்த்து எழுதினால்தான் 'கெடுவாக்கு' என்று கண் தவறாகப் பிரிக்கும். ஆகவே இரண்டு சொல்லாக, இடைவெளி விட்டு எழுதவேண்டும் என்பதையும் பரிந்துரையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் முன்னோடிகள் இந்த வழியைக் காட்டியும் இருக்கிறார்கள். சட்டமன்றச் செய்திகளில் வரும் 'நேரமில்லா நேரம்' எவ்வளவு அழகான சொல்! ஆங்கிலத்து 'ஜீரோ அவரில்' (zero hour) இருக்கும் பூஜ்யத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, நிகழ்ச்சி நிரலில் தனக்கென இடமில்லாத நேரம் என்ற உண்மையைச் சொன்னார்கள். மக்களவை விதிகளில் அப்படி ஒரு நேரம் குறிப்பிடப்படவே இல்லை என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1792-இல் நிறுத்திய மரச்சட்டத்தை நாமும் சுமக்கவேண்டியதில்லை.

செய்தி வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "மீதமிருந்த கோரிக்கைகள் மாலை 6 மணிக்குக் கெடு வாக்கெடுப்பில் நிறைவேறின." "ரயில்வே கோரிக்கை விவாதத்துக்கு வந்தது. மற்றவை கெடுவில் போயின." இரண்டாவது வாக்கியம் பேச்சுவழக்கிலும் உட்காருகிறது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பத்திரிகையில் இருக்கும் நண்பர்கள் இதைத் தங்கள் வாக்கியங்களில் போட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள். தூத்துக்குடி அண்ணாச்சியின் பதிலுக்கும் காத்திருக்கிறேன். வியாழக்கிழமை வகுப்பில் அந்தப் பிள்ளையிடமும் இந்தச் சொல்லைக் கொடுத்து, மறுபடி எழுதச் சொல்லப்போகிறேன்.