ஒயரை வளைத்துப் பிடித்த அம்மா

அப்பா ஐசியூவில் இருந்த இரண்டாவது ராத்திரி. வெளியே பெஞ்சில் நான் மட்டும். தம்பி வெளிநாட்டிலிருந்து கிளம்பிவிட்டதாகச் சொல்லியிருந்தான், விமானம் ஏறினானா தெரியாது. என் போனில் 4 சதவீதம். இருந்த ஒரே பிளக்கில் ஒரு வயதான அம்மா தன் போனைப் போட்டிருந்தார். நான் வாய்விட்டுக் கேட்கவில்லை, அதையே வெறித்துக்கொண்டிருந்திருப்பேன் போல. அவரே கழற்றி ஒயரை நீட்டினார். "என்னை யாரு கூப்பிடப் போறா, நீ போடு கண்ணு." ஒயரின் கழுத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. "இப்படி வளைச்சுப் பிடிச்சாதான் ஏறும்."

பிடித்தபடியே தூங்கிவிட்டேன். தம்பியின் அழைப்பில் விழித்தபோது போன் அந்த அம்மாவின் மடியில் இருந்தது, ஒயரை அவர் வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ! அவர் யாருக்காக அங்கே காத்திருந்தார் என்றுகூட நான் கேட்கவில்லை. 6 வருஷமாக உறுத்துகிறது.

*

அக்கா, இதைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது நான் நிக்காமப் போனதுதான். ஆபீஸ் படிக்கட்டுல ஒருத்தர் தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். மீட்டிங்குக்கு ஏற்கெனவே லேட். தாண்டிப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப ஆள் இல்ல.

டார்லி, பேட்சன்னு ரெண்டு உளவியலாளர்கள் 1973ல வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு. மதபோதகர் ஆகப் படிக்கிற மாணவர்களைப் பேசுறதுக்காகப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்புறாங்க. வழியில ஒருத்தர் சுருண்டு கிடந்து முனகுறார் (நடிப்புதான்). நேரம் இருக்குன்னு நினைச்சவங்கள்ல 63 சதவீதம் பேர் உதவினாங்க. லேட் ஆயிடுச்சுன்னு விரட்டப்பட்டவங்கள்ல 10 சதவீதம்தான். இத்தனைக்கும் அதுல பாதிப்பேர் பேசப் போன தலைப்பே, வழியில அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவின நல்ல சமாரியன் கதை!

இப்பல்லாம் 10 நிமிஷம் முன்னாடியே கிளம்புறேன். திருந்திட்டேன்னு சொல்ல வரல. நிக்க நேரம் இருக்கு, அவ்வளவுதான்.

*

எனக்குப் பார்வை கிடையாது. உதவி செய்ய நிற்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாலையோரம் நண்பனுக்காகக் காத்திருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டவர்கள் இதுவரை 3 பேர். மனசு தங்கம்தான், ஆனால் நான் திரும்பி வர வேண்டுமே! ஒருத்தர் மட்டும் பக்கத்தில் வந்து, "எங்கேயாவது போகணுங்களா, இங்கேயே நிக்கிறீங்களா?" என்றார். நிற்கிறேன் என்றேன். "சரிங்க" என்று போய்விட்டார். எதுவும் செய்யாமல் போன அவரைத்தான் நான் மறக்கவில்லை.

கூட்டிப் போவதென்றால் எங்கள் கையைப் பிடிக்காதீர்கள். உங்கள் முழங்கையைக் கொடுங்கள். நாங்கள் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவோம், படி ஏறுவதும் இறங்குவதும் உங்கள் அசைவிலேயே தெரிந்துவிடும்.

*

அக்கா, அப்பா இப்ப எப்படி இருக்கார்?

*

இருக்கார்ப்பா. கண் மங்கிவிட்டது, தனியாக நடக்கப் பயம். இத்தனை நாளும் நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். நேற்று மேலே சொன்னபடி முழங்கையைக் கொடுத்துப் பார்த்தேன். வாசல் வரைக்கும் போய், "இன்னும் கொஞ்சம் போலாமா?" என்கிறார்.