போக்ஸ் யூயிங்கை பிளாக் செய்தாரா, பந்தைப் பறித்தாரா?

பழைய கார்டு:
நேற்று நெடுமரம் எழுதியதைப் படித்துவிட்டுப் பொறுக்க முடியாமல் இதைத் தொடங்குகிறேன். அவர் சொன்னது இதுதான்: கூடைப்பந்தில் குட்டையானவர்கள் சாதித்ததாகச் சொல்வதெல்லாம் ரசிகர்கள் கட்டிய கதை, மக்ஸி போக்ஸ் பேட்ரிக் யூயிங்கை பிளாக் செய்தார், அதாவது அவர் கூடைக்குப் போட்ட ஷாட்டைத் தட்டித் தடுத்தார் என்பதுகூடப் பொய், பந்தைக் கையிலிருந்து பறித்ததைத்தான் பிளாக் என்று ஊதிவிட்டார்கள்.

ஐயா, 1993 ஏப்ரல் 14. 5 அடி 3 அங்குல மனிதர், 7 அடி மனிதரின் ஷாட்டை பிளாக் செய்தார். ஆட்டக் குறிப்பில் பிளாக் என்றுதான் ஏறியிருக்கிறது. உங்கள் கண்ணுக்கு அது பறிப்பாகத் தெரிந்தால் கோளாறு கண்ணில். போக்ஸ் என்.பி.ஏ. என்ற அமெரிக்க லீகில் 14 பருவம் ஆடியவர், 889 ஆட்டம். கதை கட்டி யாரும் 889 ஆட்டம் ஆட முடியாது.

நெடுமரம்:
வந்துவிட்டார். என் பேரைப் போட்டு இழை தொடங்காவிட்டால் இவருக்குப் பொழுது விடியாது. நீங்கள் சொன்ன அதே 889 ஆட்டத்தில் போக்ஸ் செய்த பிளாக் மொத்தம் எத்தனை? 39. அந்த 39இல் ஒன்றை வைத்துக்கொண்டு முப்பது வருஷமாக ஓட்டுகிறீர்கள். அதையும் வீடியோவில் பாருங்கள், பந்து யூயிங்கின் தலைக்கு மேலே போகவே இல்லை. கீழே இருந்த பந்தைத் தட்டினார், அவ்வளவுதான். அதற்குப் பெயர் பறிப்பு. அப்புறம் யாரும் கடுகு சிறுத்தாலும் என்று ஆரம்பிக்க வேண்டாம், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

புதியவன்:
ஒரு சந்தேகம். இங்கே குட்டை என்று எத்தனை அடி வரைக்கும் கணக்கு? அதை முதலில் முடிவு செய்தால் பேச வசதியாக இருக்குமே.

பழைய கார்டு:
நெடுமரம், பிளாக் என்றால் பந்து தலைக்கு மேலே இருக்க வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது? ஆட்டக்காரர் ஷாட்டுக்காகப் பந்தைத் தூக்கத் தொடங்கிவிட்டார் என்றால் அது ஷாட். அதைத் தட்டினால் பிளாக். தூக்கத் தொடங்குவதற்கு முன்னால் தட்டினால்தான் பறிப்பு. யூயிங் தூக்கத் தொடங்கிவிட்டார்.

நானும் போக்ஸைப் போல கார்டு இடத்தில், பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் ஆடியவன் என்பதால் சொல்கிறேன். உயரமானவர்கள் ரீபவுண்டு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தை, எடுத்ததும் அதை ஒரு தடவை கீழே இறக்குவார்கள், இடுப்பு வரைக்கும். அது பழக்கம், எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் போகாது. அந்த ஒரு நொடியில் பந்து நம் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். கையை மேலிருந்து கீழே வீசினால் அவர் மணிக்கட்டில் பட்டு ஃபவுல். உள்ளங்கையை வானத்தைப் பார்க்க வைத்துக் கீழிருந்து மேலே கொண்டுபோக வேண்டும், அவர் தூக்கும் வேகமும் நம் கையின் வேகமும் பந்தில் மோதும்போது பந்து அங்கேயே நின்றுவிடும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குட்டையானவனுக்கு மட்டும் கிடைக்கிற இடம் அது. போக்ஸ் அந்த இடத்தில் நின்றார். நீங்கள் அதைப் பறிப்பு என்கிறீர்கள்.

நெடுமரம்:
நீங்களே சொல்லிவிட்டீர்கள், பந்து இடுப்பில் இருந்தது என்று. இடுப்பில் இருந்தால் பறிப்பு. நன்றி.

மூன்று புள்ளிக் கோடு:
ரெண்டு பேரும் ஒரு தட்டலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். விஷயம் வேறு. 1979-80இல் மூன்று புள்ளிக் கோடு வந்தது, அதற்கு வெளியே இருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி; 2004-05இலிருந்து பந்து வைத்திருப்பவர் மேல் கையை வைத்துத் தள்ளுவதைக் கறாராக ஃபவுல் ஆக்கினார்கள். இந்த இரண்டும் இல்லாவிட்டால் குட்டையானவர்களுக்கு இடமே இல்லை. 2011இல் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 60ஆவதாக, கடைசி ஆளாக எடுக்கப்பட்ட ஐசேயா தாமஸ் 5 அடி 9 அங்குலம். 2016-17இல் பாஸ்டனுக்கு ஒரு ஆட்டத்துக்கு சராசரி 28.9 புள்ளி. பழைய விதியில் இது நடந்திருக்குமா?

பழைய கார்டு:
நடந்தது. நீங்கள்தான் பார்க்கவில்லை. போக்ஸ் ஆடியது 1987இலிருந்து, கையால் தள்ளலாம் என்ற காலத்தில். தள்ளுவதற்கு அவர் அங்கே நிற்க வேண்டுமே. பந்தை முழங்காலுக்குக் கீழே தட்டிக்கொண்டு போகிறவரைத் தள்ள நீங்கள் குனிய வேண்டும், குனிந்தால் உங்கள் கால் நின்றுவிடும், அவர் போய்விடுவார். அவருக்கும் முன்னால் கால்வின் மர்ஃபி. 5 அடி 9 அங்குலம், 1970இலிருந்து 1983 வரை ராக்கெட்ஸ் அணி, 1980-81இல் ஃப்ரீ த்ரோ 95.8 சதவீதம், 1993இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அவர் ஆடிய காலத்தில் பாதிக்கு மேல் மூன்று புள்ளிக் கோடே கிடையாது. விதி மாறியதால் வந்தவர்கள் என்று சொல்லி அந்த மனிதர்களின் உழைப்பை ஒரு வரியில் அழிக்காதீர்கள்.

பிளாக் விஷயத்துக்கு வருகிறேன். பந்து இடுப்பில் இருந்து கிளம்பியது என்றுதான் சொன்னேன். கிளம்பிய பிறகு தட்டினார். படித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நெடுமரம்:
தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். தாமஸையே எடுத்துக்கொள்வோம். 28.9 எடுத்தார், சரி. எதிரணி என்ன செய்தது? அவர் யாரைக் காக்கிறாரோ அந்த ஆளை ஸ்கிரீன் வைக்க, அதாவது குறுக்கே நின்று வழியை மறிக்கக் கூப்பிடுவார்கள், காக்கும் ஆட்கள் ஸ்விட்ச் ஆகி, அதாவது இடம் மாறி, இவர் ஒரு நெட்டையான ஆளின் முன்னால் வந்து நிற்பார், அந்த ஆள் இவர் தலைக்கு மேலே சாவகாசமாக ஷாட் போடுவார். பருவம் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் ஒவ்வொரு முறையும் இதே வேட்டை. 2017 ஆகஸ்டில் பாஸ்டனே அவரைக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் பழைய தாமஸாக ஆடவே இல்லை. 5 அடி 9 அங்குலத்துக்கு லீக் கொடுக்கும் ஆயுள் அவ்வளவுதான்.

பழைய கார்டு:
முதலில் என்னைத் தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். உங்கள் வயது எனக்குத் தெரியாது, என் வயது உங்களுக்குத் தெரியாது. போன வருஷம் வேறொரு இழையில் நீங்கள் தோற்கும்போதும் இப்படித்தான் தம்பி போட்டீர்கள்.

தாமஸை முடித்தது அவருடைய இடுப்புக் காயம். உயரம் இல்லை. 2017 பிளேஆஃப் தொடங்குவதற்கு முந்தைய நாள் கார் விபத்தில் தங்கையை இழந்தார். மறுநாள் ஆடினார். மே 2, அந்தத் தங்கையின் பிறந்தநாள், வாஷிங்டனுக்கு எதிராக 53 புள்ளி. அந்த ஆட்டத்தைப் பார்த்த யாரும் ‘லீக் கொடுத்த ஆயுள்’ என்று எழுத மாட்டார்கள். அடிபட்ட இடுப்போடு ஆடிய மனிதர் ஐயா அவர். ஒரு மனிதரின் வலியை உயரக் கணக்கில் போட்டு எழுத உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

இடது கை:
இவ்வளவு நேரமாக ஆண்கள் ஆட்டத்தை மட்டுமே பேசுகிறீர்கள். பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வில் டெபி பிளாக் என்ற ஆட்டக்காரர், 5 அடி 3 அங்குலத்தைத் தாண்டாதவர், 2001இல் மயாமி அணியில் ஆடும்போது லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். தடுப்பாட்டத்துக்கு ஐயா, அதுவும் முப்பதைத் தாண்டிய வயதில். குட்டையானவர்களால் தடுக்க முடியாது என்பதுதான் நெடுமரத்தின் வாதம் என்றால் அது அங்கேயே முடிந்துவிட்டது.

நெடுமரம்:
நான் என்.பி.ஏ.வைப் பற்றிப் பேசுகிறேன்.

இடது கை:
கூடைப்பந்து என்றுதான் பழைய கார்டு முதல் வரியில் உங்கள் பேச்சை எடுத்துப் போட்டிருக்கிறார். பதில் இல்லாதபோது மட்டும் எல்லையைச் சுருக்கிக்கொள்வது நல்ல பழக்கம் இல்லை. கூடையின் வளையம் எங்களுக்கும் அதே பத்தடிதான்.

புதியவன்:
குட்டை என்றால் எத்தனை அடி என்று யாரும் சொல்லவில்லையே? ஆலன் ஐவர்சனும் இதில் வருவாரா?

மூன்று புள்ளிக் கோடு:
ஐவர்சன் 6 அடி, குட்டை இல்லை. 1996இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர், 2001இல் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. அவரை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பழைய கார்டு:
6 அடி ஷூவோடு. 2019க்கு முன்னால் அணிகள் கொடுத்த உயரம் எதையும் நம்ப முடியாது, அந்த வருஷம்தான் ஷூ இல்லாமல் அளந்து கொடுக்கச் சொன்னார்கள், ஒரே நாளில் எத்தனை பேர் சுருங்கினார்கள் என்று பார்த்தோம். சராசரி ஆறரை அடி இருக்கும் லீகில் ஐவர்சன் குட்டைதான். 2001 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் லேக்கர்ஸுக்கு எதிராக 48 புள்ளி எடுத்தவர். நான் சேர்ப்பேன்.

மூன்று புள்ளிக் கோடு:
உங்களுக்கு வேண்டும்போது 6 அடியும் குட்டை ஆகிவிடும். அப்படியென்றால் ஸ்டாக்டனையும் சேர்த்துக்கொள்ளுங்களேன், 6 அடி 1 அங்குலம், கூட ஆடுபவர் புள்ளி எடுக்கப் பந்து கொடுத்த அசிஸ்ட் 15,806. ஷூவைக் கழற்றிவிட்டால் அவரும் வந்துவிடுவார். பிடித்த முயலுக்கு மூன்று கால்.

நெடுமரம்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். உண்மையான குட்டை என்றால் போகஸ் ஒருவர், ஏர்ல் பாய்கின்ஸ் ஒருவர். இரண்டு பேர். மற்றதெல்லாம் சேர்த்துக்கொண்டது.

இடது கை:
போகஸ் இல்லை, போக்ஸ். போகஸ் என்றால் போலி என்று அர்த்தம். பெயரையாவது ஒழுங்காக எழுதுங்கள்.

நெடுமரம்:
தெரியாமல் எழுதவில்லை. அந்த பிளாக்கைப் பொறுத்தவரை சரியான பெயர்தான்.

பழைய கார்டு:
இது எல்லை மீறிய பேச்சு. அந்த மனிதரின் பெயரை வைத்து விளையாட உங்களுக்கு என்ன தகுதி?

போக்ஸ் யார் என்று சொல்கிறேன். 1987இல் 12ஆவது ஆளாக வாஷிங்டன் எடுத்தது. அதே அணியில் மனுட் போல் என்பவர், 231 சென்டிமீட்டர். இவர் 160. பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள், அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் உங்களைப் போன்றவர்கள் காட்சிப்பொருள் என்று முடிவு கட்டினீர்கள். ஒரே வருஷத்தில் வாஷிங்டன் விட்டுவிட்டது. புதிதாக வந்த ஷார்லட் அணி எடுத்துக்கொண்டது. அந்த அணியின் வரலாற்றில் அதிக அசிஸ்ட் யாருடையது? இன்றைக்கும் போக்ஸுடையது, 5,557. அதே அணிக்கு அதிகப் புள்ளி எடுத்தவர் கெம்பா வாக்கர், 6 அடி. ஒரு அணியின் இரண்டு பெரிய கணக்கும் குட்டையானவர்கள் கையில் இருக்கிறது, நீங்கள் இரண்டு பேர் என்று விரல் விடுகிறீர்கள். போக்ஸ் வாழ்நாள் சராசரியாக ஒரு ஆட்டத்துக்கு 7.6 அசிஸ்ட் கொடுத்தவர், பந்தைத் தவறவிட்டது ஆட்டத்துக்கு இரண்டு தடவைகூடக் கிடையாது. இன்று பெரிய பெயர் எடுத்த கார்டுகள் ஒரே ஆட்டத்தில் நான்கு தடவை விடுகிறார்கள்.

பாய்கின்ஸ் 5 அடி 5 அங்குலம். டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. 2004 நவம்பரில் டென்வருக்காக 32 புள்ளி எடுத்தார், எதிரே நின்றது அந்த வருஷத்துச் சாம்பியன் டெட்ராய்ட். ஸ்பட் வெப் 1986இல், எகிறிப் பந்தைக் கூடைக்குள் திணிக்கும் டங்க் போட்டியில் தன் அணியின் டொமினிக் வில்கின்ஸையே வென்றார். நேட் ராபின்சன், 5 அடி 9, அதே போட்டியை மூன்று தடவை வென்றவர், 2006இல் யாவ் மிங்கை பிளாக் செய்தார். யாவ் 229 சென்டிமீட்டர். அதையும் பறிப்பு என்பீர்களா?

நெடுமரம்:
அது பிளாக். ராபின்சன் எகிறிப் பந்தை மேலே வைத்து அடித்தார். அதைத்தான் நான் பிளாக் என்கிறேன். போக்ஸ் செய்தது பறிப்பு. அப்புறம், அதே 1993இல் இரண்டாம் சுற்றில் யூயிங்கின் நியூயார்க் உங்கள் ஷார்லட்டை 4-1 என்று வீட்டுக்கு அனுப்பியதையும் எழுதியிருக்கலாம். மறந்துவிட்டீர்கள் போல.

பழைய கார்டு:
மறக்கவில்லை. ஒரு அணி தோற்றால் அதன் கார்டின் உயரம் காரணமா? அந்த நியூயார்க் அணியும் அடுத்த சுற்றில் தோற்றது. அங்கே யாருடைய உயரம் காரணம்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி அணித் தேர்வு அன்று பயிற்சியாளர் எங்களைச் சுவரோடு நிற்க வைத்தார். சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். கோட்டுக்குக் கீழே தலை இருந்தவர்கள் ஆறு பேர். பந்தைக் கையில் கொடுக்காமலே போகச் சொன்னார். நான் காலையில் நாலரை மணிக்கு எழுந்து இரண்டு கையாலும் தட்டிப் பழகி வந்திருந்தேன், வலது கை நகத்தடியில் ரத்தம் கட்டியிருந்தது. அவர் என் கையைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார். அடுத்த வருஷம் வேறொரு அணியில் சேர்ந்து அதே கல்லூரிக்கு எதிராக ஆடினேன், கூடைக்குப் பக்கத்தில் ஆடும் அவர்களுடைய சென்டரிடமிருந்து இரண்டு பந்து தட்டினேன். இரண்டும் கீழிருந்து மேலே. நடுவர் இரண்டையும் பிளாக் என்றுதான் எழுதினார்.

நெடுமரம்:
உங்களுக்கு நடந்தது தப்பு. அந்தப் பயிற்சியாளர் பந்தைக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் இரண்டும் பறிப்புதான்.

இடது கை:
இதற்கு மேல் இவரிடம் என்ன பேசுவது.

மூன்று புள்ளிக் கோடு:
ஸ்டாக்டனுக்குப் பதில் வரவில்லை.

பழைய கார்டு:
ஸ்டாக்டனுக்கு வருகிறேன், பொறுங்கள். நெடுமரம், அந்த யூயிங் காட்சியை இப்போது மெதுவாக ஓடவிட்டு மறுபடியும் பார்த்தேன். அவருடைய முழங்கை மேலே எழும்புகிறது. இரண்டு காலும் கிளம்புகின்றன. அதற்குப் பிறகுதான் போக்ஸின் கை படுகிறது. நீங்கள் எந்த நொடியில் நிறுத்திப் பார்த்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

நெடுமரம்:
முழங்கை எழும்புவதற்கு முந்தைய நொடியில். பந்து இடுப்பில் இருக்கிறது.