யு.டி.ஆரில் பெரியப்பா பெயருக்குப் போன பட்டா: அப்பீல் போவதா, கோர்ட்டுக்குப் போவதா?

மருதநிலம்:

வணக்கம். துறையூர் பக்கம் எங்கள் ஊர். தாத்தா 1958-இல் கிரயம் வாங்கிய 2 ஏக்கர் 14 சென்ட் புஞ்சையைப் பெரியப்பாவும் அப்பாவும் 1974-இல் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கிழக்குப் பாதி அப்பாவுக்கு. அன்று முதல் அதில் சோளமும் நிலக்கடலையும் போடுவது நாங்கள்தான்.

பட்டா மட்டும் முழுவதும் பெரியப்பா பெயரில் ஏறிவிட்டது. யு.டி.ஆர் என்கிற நிலப் பதிவேடு புதுப்பிப்பு நடந்தபோது அப்பா கோவையில் மில் வேலையில் இருந்தார், அம்மாதான் வெள்ளாமை பார்த்தார். அதிகாரிகளிடம் பேசியது பெரியப்பா. கிஸ்தும் (நில வரி) அவரே மொத்தமாகக் கட்டுவார், அப்பா தன் பங்கைக் கொடுத்துவிடுவார். அதனால் ரசீதெல்லாம் அவர் பெயரில் இருக்கிறது. அவர் இருந்தவரை ஒரு சச்சரவும் வந்ததில்லை.

போன வருடம் அவர் காலமானார். அவர் மகன், எனக்கு அண்ணன் முறை, வாரிசுச் சான்றிதழ் வைத்துப் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, இப்போது முழு நிலத்தையும் பிளாட் போடுகிறவருக்கு விலை பேசுகிறார். கேட்டால், “பட்டா என் பேர்ல இருக்கு, நிலமும் எனக்குத்தான்” என்கிறார். தாலுகா அலுவலகத்தில் நான் கொடுத்த மனுவை, உரிமையியல் நீதிமன்றத்தை அணுகவும் என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

ஆர்.டி.ஓ.விடம் (கோட்டாட்சியர்) போவதா, டி.ஆர்.ஓ.விடமா (மாவட்ட வருவாய் அலுவலர்), நேராகக் கோர்ட்டுக்கா? பன்னிரண்டு வருடம் தாண்டிவிட்டது, இனி உரிமை கிடையாது என்று ஊரில் சொல்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நில அளவர்:

தங்கச்சி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். பட்டா என்பது வரி யாரிடம் வாங்குவது என்பதற்கு வருவாய்த்துறை வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்கில் பெயர் ஏறியதால் ஒருவருக்கு உரிமை வந்துவிடாது, பெயர் விடுபட்டதால் போயும் விடாது. 1997-இல் பல்வந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. உங்கள் பலம் 1974 பத்திரம்.

இந்தக் கோளாறு எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆதாரம் அங்கேதான் இருக்கிறது. யு.டி.ஆர் வேலை 1979-இல் தொடங்கியது. அது நடந்துகொண்டிருந்தபோதே, 1980 நவம்பரில், ஊர் நிலக் கணக்கைப் பார்த்துவந்த பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தது. ஒழித்தது சரிதான் என்பேன். ஆனால் எந்த வயல் யாருடையது என்று வாயிலேயே வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் வெளியே போய்விட்டார்கள். வயலில் வந்து நின்றவர் சொன்ன பெயர் பதிவேட்டில் ஏறியது. அண்ணன் தம்பி நிலத்தில் மூத்தவர் பெயர் மட்டும் நிற்பதை என் சர்வீஸில் கிராமம் கிராமமாகப் பார்த்திருக்கிறேன். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் உங்கள் அப்பாவைப் போல வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்கள்.

எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடத்தின் நகலை எடுத்துப் பாருங்கள். உங்கள் வரப்பு வழியாக உட்பிரிவுக் கோடு போயிருக்கிறதா? கோடு இருந்து, இரண்டு உட்பிரிவும் ஒரே பட்டாவில் இருந்தால், அளந்தபோதே நிலம் இரண்டாகத்தான் கிடந்தது என்று சர்க்கார் வரைபடமே சாட்சி சொல்லும். அப்புறம் யு.டி.ஆருக்கு முந்தைய அ பதிவேடு (எந்த சர்வே எண் யார் பெயரில் என்று காட்டும் கிராமக் கணக்கு), யு.டி.ஆர் அ பதிவேடு, அந்தக் காலத்தில் இறுதி செய்யும் முன் கொடுத்த தோராய பட்டா, பழைய சர்வே எண் எந்தப் புதிய எண்ணாக மாறியது என்று காட்டும் பதிவேடு எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். இழுத்தடித்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். அப்பா பெயரில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், கிணற்று மின் இணைப்பு ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். கிஸ்து ரசீது இல்லாத குறையை அது பெரிதும் தீர்க்கும்.

சிவில் வக்கீல், திருச்சி:

ஐயா சொன்ன ஆவணங்கள்தான் வழக்கின் முதுகெலும்பு. வழியைப் பற்றி நான் சொல்கிறேன். 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி தாசில்தார் உத்தரவின் மேல் ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடும், அதன்மேல் டி.ஆர்.ஓ.விடம் சீராய்வும் உண்டு. ஆனால் உரிமையையே ஒருவர் மறுக்கும்போது அதை வருவாய்த்துறை தீர்மானிக்க முடியாது என்று 2011-இல் விஸ்வாஸ் ஃபுட்வேர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அண்ணன் முகத்துக்கு நேராக மறுத்துவிட்டார். அங்கே போய்க் காலத்தைக் கரைக்காதீர்கள்.

விளம்புகையும் (நிலம் உங்களுடையது என்ற அறிவிப்பு) நிரந்தர உறுத்துக்கட்டளையும் (அண்ணன் தலையிடக் கூடாது என்ற தடை) சேர்த்துக் கேட்டு வழக்குப் போடுங்கள். வெறும் தடை மட்டும் கேட்டால் போதாது. உரிமையின் மேல் சந்தேகம் எழுந்துவிட்டால் விளம்புகையும் கேட்டாக வேண்டும் என்று 2008 அனதுலா சுதாகர் தீர்ப்பு சொல்கிறது. நீதிமன்றக் கட்டணம் நிலத்தின் சந்தை மதிப்பில் பாதிக்குக் கணக்கிடப்படும். 2017-இல் அந்தக் கட்டண விகிதத்தை 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தார்கள்.

ஊரார் சொல்லும் பன்னிரண்டு வருடம், அடுத்தவர் உங்கள் நிலத்தைத் தன் கைவசம் வைத்திருந்தால்தான் பேச்சுக்கு வரும். உழுவது நீங்களாயிற்றே. ஆனால் விளம்புகைக்கு மூன்று வருடக் கெடு இருக்கிறது, மறுப்பு வந்த நாளிலிருந்து அது ஓடும். தள்ளிப்போடாதீர்கள். தாசில்தாரையும் பிரதிவாதியாகச் சேர்ப்பதென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவுப்படி இரண்டு மாத நோட்டீஸ் வேண்டும். அவசரம் என்று காட்டி நீதிமன்ற அனுமதி பெற்றால் காத்திருக்க வேண்டியதில்லை.

மருதநிலம்:

ரொம்ப நன்றி, ஐயா, சார். எஃப்.எம்.பி.யில் கோடு இருக்கிறது! இரண்டு உட்பிரிவு, இரண்டும் ஒரே பட்டாவில். வழக்குப் போடுவதற்குள் அண்ணன் கிரயம் செய்துவிட்டால் என்ன செய்வது? பதிவு அலுவலகத்தில் ஆட்சேபணை கொடுத்தால் நிறுத்துவார்களா?

சிவில் வக்கீல், திருச்சி:

கொடுத்து வையுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் வேலை இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நம் மாநிலப் பதிவு விதி ஒன்றையே ரத்து செய்தது. வழக்கோடு இடைக்காலத் தடை மனுவும் போடுங்கள். வழக்கு நடக்கும்போது வாங்குகிறவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. பத்திர நகலோடு அந்த பிளாட் போடுகிறவருக்கும் இன்றே ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

ஓய்வுபெற்ற நில அளவர்:

கோடு இருப்பது நல்ல செய்தி, தங்கச்சி. வழக்கில் அட்வகேட் கமிஷனர் (இடத்தைப் பார்க்க நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல்) கேளுங்கள், அவர் சர்வேயரோடு வந்து அளந்து வரைபடம் தருவார். அதுவரை எல்லைக் கற்களையும் வரப்பையும் யாரும் பெயர்க்கவிடாதீர்கள். ஜே.சி.பி. விட்டு நிரவினால் உடனே ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.