அப்பாவின் 1992 காரின் இலக்கத்தை என் காருக்கு மாற்றலாமா?

ஹரோ மகள்:
1992 இல் அப்பா லண்டனில் புதிதாக வாங்கிய டொயோட்டா கொரோலா இன்னும் வீட்டு வாசலில் நிற்கிறது. 'ஜே' எழுத்தில் தொடங்கும் இலக்கம். பின்பக்க இலக்கத் தகட்டின் மூலையில் விழுந்த வெடிப்புக்குள் தண்ணீர் போகாமல் அப்பா டேப் ஒட்டி வைத்திருக்கிறார். பார்வை குறைந்ததால் அவர் லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 2023 ஆகஸ்டில் யூலெஸ் (புகை அதிகம் விடும் வாகனங்களுக்கான கட்டணம்) லண்டன் முழுவதற்கும் வந்த பிறகு, காரை வெளியே எடுத்தாலே நாளுக்கு 12.50 பவுண். அப்போதே சார்ன் (கார் தெருவில் ஓடாது என்ற அறிவிப்பு) கொடுத்து நிறுத்திவிட்டோம். இப்போது ஸ்கிராப்புக்குக் கொடுக்கப் போகிறோம். கார் போகட்டும், இலக்கத்தை விட எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் அத்தனை கார்களுக்கு நடுவே அதைத் தேடித்தான் ஓடி வருவேன். என்னுடைய 2019 ஹோண்டா ஜாஸில் அதைப் போட வழி உண்டா?

கராஜ் அண்ணை:
தங்கச்சி, தாராளமாகப் போடலாம். ஆனால் இலக்கத்தைக் கழற்றும் முன் காரை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். கார் போனால் இலக்கமும் அதோடு போய்விடும். கராஜில் இப்படி இழந்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படும்.

லாக் புக் (காரின் பதிவுப் புத்தகம்) அப்பாவின் பெயரில் இருப்பதால் அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு நிறுவனமான டிவிஎல்ஏயின் தளத்தில் செய்யலாம். தபால் என்றால் வி317 படிவம். கட்டணம் 80 பவுண். வி778 என்ற இலக்க உரிமைப் பத்திரம் வரும், 10 வருடம் செல்லும். அதிலுள்ள எண்ணை வைத்து உங்கள் காருக்கு இலக்கத்தை ஏற்றலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கொரோலாவுக்கு வேறு இலக்கம் தருவார்கள். அந்தப் புதிய லாக் புக் கைக்கு வந்த பிறகே ஸ்கிராப்காரரைக் கூப்பிடுங்கள்.

கொரோலா தன் என்ஜினில் நகர வேண்டும். கடந்த 5 வருடமும் வரியோ சார்னோ விடுபடாமல் இருந்திருக்க வேண்டும். பற்றரி இறங்கியிருந்தால் இப்போதே சார்ஜ் போடுங்கள். டிவிஎல்ஏ பரிசோதிக்கக் கேட்கலாம்.

ஈஸ்ட்ஹாம் வாசி:
பழைய இலக்கத்தைப் புதிய காரில் போடலாம். காரை உண்மையான வயதைவிடப் புதியதாகக் காட்டும் இலக்கத்தைத்தான் போட முடியாது. 'ஜே' 1991-92 காலத்து எழுத்து, உங்களுக்குச் சிக்கல் இல்லை.

ஹரோ மகள்:
நன்றி அண்ணா. அப்பாவின் பழைய தகட்டையே என் காரில் பூட்டலாமா?

கராஜ் அண்ணை:
வெடித்த பழைய தகடு எம்ஓடியில் (வருடாந்த வாகனச் சோதனையில்) நிற்காமல் போகலாம். அதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற தகட்டுக் கடையில் வி778 ஐயும் அடையாள அட்டையையும் காட்டிப் புதிதாக அடியுங்கள். பெயர் போலத் தெரியட்டும் என்று எழுத்துகளை நெருக்கி அடிக்கச் சொல்லாதீர்கள். 1000 பவுண் வரை அபராதம், இலக்கத்தையே பறிக்கவும் முடியும்.

இலக்கம் ஏறிய அன்றே காப்புறுதிக்குச் சொல்லுங்கள். கவுன்சில் பார்க்கிங் பெர்மிட், டார்ட்ஃபோர்ட் ஆற்றுக் கடவைக் கட்டணக் கணக்கு இரண்டிலும் மாற்றுங்கள். யூலெஸ் கட்டணம் விழுமா என்று லண்டன் போக்குவரத்துத் தளத்தில் இலக்கத்தை அடித்துப் பாருங்கள். பழைய கொரோலா என்று காட்டினால், ஜாஸை ஓட்டுவதற்கு முன் அவர்களிடம் பேசித் திருத்திவிடுங்கள்.