பதிவுப் படிவத்தில் ‘மற்றவை’ என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதுமா?

படிவமேசை

வணக்கம். எங்கள் கிளினிக்குக்குப் புதிய பதிவுப் படிவம் தயாராகிறது. இப்போது அதில் ‘ஆண் / பெண்’ என்று இரண்டே கட்டம்தான். ‘மற்றவை’ என்று மூன்றாவதாக ஒன்றைப் போட்டுவிட்டால் திருநர், பால்புதுமையினர் (குயர்) எல்லோருக்கும் சரியாகிவிடும் என்று நிர்வாகம் நினைக்கிறது. எனக்கு அது போதும் என்று தோன்றவில்லை. பெண் என்று பதிவான திருநங்கைக்கு பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) எழுதினால் லேப் மென்பொருள் ஏற்க மறுக்கிறது. ஆண் என்று பதிவை மாற்றிக்கொண்ட திருநம்பியின் பெயர், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான நினைவூட்டல் பட்டியலிலிருந்து தானாகவே விழுந்துவிடுகிறது. படிவத்தில் எதைக் கேட்க வேண்டும்? பரிசோதனை அறையில் என்ன மாற வேண்டும்? கொள்கை விளக்கம் வேண்டாம், நாளைக்கே செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

லேப்பார்வை

‘மற்றவை’ வேண்டவே வேண்டாம். திருநங்கை தன்னைப் பெண் என்றுதான் சொல்வார். அவரை ‘மற்றவை’க்குள் தள்ளினால் படிவத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். போகாமல் உட்கார்ந்தாலும் அந்தக் கட்டத்தால் மருத்துவருக்கு ஒரு பயனும் இல்லை. கருப்பை இருக்கிறதா, புராஸ்டேட் இருக்கிறதா, ஹார்மோன் எடுக்கிறாரா, எதுவும் அதில் தெரியாது.

ஒரே கட்டத்துக்குள் பல விஷயங்களைத் திணிப்பதுதான் கோளாறு. பிரித்துவிடுங்கள். கூப்பிட வேண்டிய பெயர் தனி, ஆவணத்தில் உள்ள பெயர் தனி. இப்போதைய பாலினம் ஒரு கேள்வி, பிறப்பில் குறித்த பாலினம் இன்னொரு கேள்வி. இரண்டிலும் ‘சொல்ல விரும்பவில்லை’ இருக்கட்டும், எழுதிக்கொள்ள ஒரு வெற்றுக்கோடும் இருக்கட்டும். இவற்றைவிட முக்கியமானது உறுப்புப் பட்டியல்: மார்பகத் திசு, கருப்பை, கர்ப்பப்பை வாய், சூலகம், புராஸ்டேட், விரைகள். ஒவ்வொன்றுக்கும் ‘இருக்கிறது, அகற்றப்பட்டது, தெரியாது’. கருப்பையையும் அதன் வாயையும் சேர்த்து எழுதாதீர்கள். கருப்பையை எடுத்தாலும் வாயை விட்டுவைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. அதேபோல, பிறப்புறுப்பு அறுவை சிகிச்சை முடிந்த திருநங்கைக்கும் பொதுவாகப் புராஸ்டேட் உள்ளேயேதான் இருக்கும். நினைவூட்டல்களைப் பாலினக் கட்டத்தோடு கட்டாமல் இந்தப் பட்டியலோடு கட்டச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன இரண்டு சிக்கலும் அங்கேயே தீரும்.

லேப் அறிக்கையில் அச்சாகும் இயல்பளவையும் கவனியுங்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பியின் ஹீமோகுளோபினைப் பெண்களின் மேல்வரம்போடு ஒப்பிட்டால் ‘அதிகம்’ என்று வீணாகப் பயமுறுத்தும். ஆண்களின் மேல்வரம்பைப் பாருங்கள். ஹெமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தளவைக் குறைக்க வேண்டும், புகைப்பழக்கமோ தூக்கத்தில் மூச்சுத் தடையோ உண்டா என்றும் தேட வேண்டும். பிஎஸ்ஏ இதற்கு நேர்மாறு. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அதை இறக்கிவிடும். மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்ற வழக்கமான எல்லையை வைத்துப் பார்த்தால் புற்றுநோய் இருப்பவரையும் ‘நார்மல்’ என்று அனுப்பிவிடுவோம். 1-ஐத் தாண்டினாலே மேற்கொண்டு பார்ப்பது நல்லது.

ரத்தத்திலுள்ள கிரியேட்டினின் என்ற தசைக் கழிவின் அளவை வைத்துச் சிறுநீரகத் திறனைக் கணக்கிடும் சூத்திரம் ஆணா பெண்ணா என்று கேட்கும். ஹார்மோன் தொடங்கிய சில மாதங்களில் தசையின் அளவே மாறிவிடுவதால், இரண்டு வழியிலும் கணக்கிட்டுப் பாருங்கள். மருந்தளவை மாற்றும் எல்லைக்கோடு இரண்டு விடைக்கும் நடுவில் விழுந்தால் தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

மகளிர்நலச் செவிலி

பரிசோதனை அறையைப் பற்றி நான் சொல்கிறேன். திருநம்பிகளுக்கு பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து செல் மாதிரி) எடுத்தால் ‘மாதிரி போதாது’ என்று திரும்பி வருவது மற்றவர்களைவிட அதிகம். டெஸ்டோஸ்டிரோனால் யோனிச் சுவர் மெலிந்து உலர்ந்துபோவது ஒரு காரணம். வலி தாங்காமல் பாதியில் நிறுத்துவது இன்னொன்று. ஒரு முறை அப்படி நடந்தால் அடுத்த முறை அவர் வரமாட்டார். புற்றுநோய் முற்றிய பிறகு தெரியவருவதற்கு வழி இப்படித்தான் திறக்கிறது.

முதலில் ஆடை மாற்றுவதற்கு முன்பே, உட்கார்ந்து பேசுங்கள். அந்த உறுப்பை அவர் என்ன சொல்லிக் குறிப்பிடுகிறார் என்று கேட்டு அந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள். துணைக்கு யார் நிற்கலாம் என்பதை அவரே சொல்லட்டும். வறட்சி அதிகமென்றால் இரண்டு வாரம் யோனிக்குள் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துவிட்டுப் பிறகு வரச்சொல்லலாம். அது ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, டெஸ்டோஸ்டிரோனின் பலனைக் கெடுக்காது என்பதைச் சொல்லிவிடுங்கள். பலர் அந்தப் பயத்திலேயே மறுக்கிறார்கள். யோனியை விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தில் இருப்பதிலேயே ஒடுக்கமானது, நீர் அடிப்படையிலான ஜெல் கொஞ்சமாக, ஸ்பெகுலத்தின் வெளிப்பக்கத்தில் மட்டும். நுனியில் ஜெல் அப்பினால் மாதிரி கெடும். விரும்பினால் ஸ்பெகுலத்தை அவரே உள்ளே செலுத்திக்கொள்ளலாம். ‘நிறுத்து’ என்றால் அந்த நொடியே கையை எடுங்கள்.

மாதிரியோடு போகும் சீட்டில் ‘கர்ப்பப்பை வாய் மாதிரி, டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிறார், மாதவிடாய் இல்லை’ என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் மெலிந்த செல்களைப் பார்த்துக் கோளாறு என்று சந்தேகப்படக்கூடும், அல்லது ஆண் பெயரைப் பார்த்து மாதிரியையே தள்ளிவிடுவார்கள்.

எச்பிவி (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனை கிடைத்தால் இத்தனை சிரமமே வேண்டாம். ஸ்வாபை (பஞ்சுக் குச்சியை) அவரே சுமார் 5 செ.மீ. உள்ளே செலுத்தி, கிட்டில் சொன்ன விநாடிவரை சுழற்றி எடுத்துத் தந்தால் போதும். 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒரு முறை எச்பிவி பரிசோதனை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எச்ஐவி உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒரு முறை.

பால்வினை ஆலோசகர்

பெண்ணோடு மட்டும் உறவில் இருக்கும் பெண்களிடம் ‘உங்களுக்கு பாப் ஸ்மியர் தேவையில்லை’ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தவறு. தோலோடு தோல் உரசினாலே எச்பிவி பரவும், பகிர்ந்துகொள்ளும் கருவிகள் வழியாகவும் பரவும்.

அடையாளத்தை வைத்துப் பரிசோதனையை முடிவு செய்யாதீர்கள். யாரோடு உறவு, எந்தெந்த வழியில், கடைசியாக எப்போது என்று நேராகக் கேளுங்கள். கேட்பதற்கு முன் ‘எங்கே மாதிரி எடுப்பது என்று தெரியத்தான் கேட்கிறேன், எல்லோரிடமும் கேட்பதுதான்’ என்று ஒரு வரி சொன்னால் பதில் வரும். ஆணோடு உறவுகொள்ளும் ஆணுக்குச் சிறுநீர் மட்டும் சோதித்து ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பினால், தொண்டையிலும் ஆசனவாயிலும் இருக்கும் கொனோரியா, கிளமிடியா தப்பிவிடும். அந்த இடங்களில் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. மூன்று இடத்திலும் மாதிரி எடுங்கள், ரத்தத்தில் சிபிலிஸ், எச்ஐவி பாருங்கள். ஹெபடைட்டிஸ் ஏ, பி தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள்.

எச்ஐவி தொற்றும் வாய்ப்பு நேர்ந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். ‘நாளைக்கு டாக்டர் வந்ததும் பார்க்கலாம்’ என்று வரவேற்பில் சொல்லி அனுப்புவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. இந்த 72 என்ற எண்ணை வரவேற்பில் இருப்பவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

படிவமேசை

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். மருத்துவரைப் பார்க்காமல் தாங்களே ஹார்மோன் வாங்கிச் சாப்பிடுகிறவர்களிடம் என்ன கேட்பது? பிறப்பில் குறித்த பாலினத்தைப் பதிவு மேசையிலேயே கேட்டுவிடலாமா?

லேப்பார்வை

‘எதுவும் எடுக்கிறீர்களா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ‘எந்த மாத்திரை, நாளைக்கு எத்தனை, ஊசி உண்டா, எங்கே கிடைக்கிறது’ என்று சாதாரணமாகக் கேளுங்கள். திருநங்கைகள் கருத்தடை மாத்திரையை ஒன்றுக்கு மூன்றாகச் சாப்பிடுவது உண்டு. அதில் இருப்பது எத்தினைல் ஈஸ்ட்ராடியால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன், ரத்தம் உறைய வைக்கும் ஆபத்து கூடுதல். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்கு. அப்படி அறிகுறி இல்லாதவரைத் திட்டி நிறுத்தச் சொன்னால் வெளியே போய் மறுபடி வாங்குவார். கண்காணிப்போடு, உடலில் இயல்பாக உள்ள வகையான ஈஸ்ட்ராடியாலுக்கு, முடிந்தால் தோலில் ஒட்டும் பட்டைக்கு மாற்றிக்கொடுங்கள். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்குப் பொட்டாசியம் பாருங்கள்.

திருநம்பிகளிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது: டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை ஆகாது. மாதவிடாய் நின்றிருந்தாலும் கரு தங்கலாம், அந்த மருந்து கருவைப் பாதிக்கும். கருப்பையும் சூலகமும் உள்ள ஒருவர் அடிவயிற்று வலியோடு வந்தால், தாடி இருந்தாலும் முதலில் கர்ப்பப் பரிசோதனை. கருக்குழாய்க் கர்ப்பத்தைத் தவறவிட்டால் உயிர் போகும்.

ரகசியக்காப்பு

பதிவு மேசையில் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. வரிசையில் பின்னால் நிற்பவர் காதில் விழும். அங்கே அழைக்கும் பெயர் மட்டும் போதும், கூப்பிடும்போது டோக்கன் எண். மீதியெல்லாம் கதவு சாத்திய அறையில்.

பழைய கோப்பில் ‘மனநலக் கோளாறு’ என்று குறித்திருந்தால் திருத்துங்கள். ஒருபால் ஈர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 2022-இல் நடைமுறைக்கு வந்த அதன் புதிய நோய்ப்பட்டியலான ஐசிடி-11, பாலின முரண்பாட்டை (பிறப்பில் குறித்த பாலினமும் உணரும் பாலினமும் பொருந்தாத நிலையை) மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துப் பாலியல் நலப் பகுதிக்கு மாற்றிவிட்டது.

அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் ‘தந்தை / கணவர்’ என்று அச்சிடாதீர்கள். ‘நீங்கள் நம்பும் ஒருவர்’ என்று போடுங்கள். வீட்டை விட்டு வந்தவருக்கு அது தோழியாகவோ, திருநங்கைகள் தாயாக ஏற்கும் குருவாகவோ இருக்கலாம். கூடவே இன்னும் இரண்டு கோடு: போன் செய்தால் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம், வேறு யாராவது எடுத்தால் எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்லலாமா.