மறு: பல்குரல் பயிற்சி (பலகுரலா, பலர்குரலா?)

நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காக வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ஒரே சொல்லைப் பலருடைய குரலில் கேட்கவைத்து அயல்மொழி ஒலிகளுக்குக் காதைப் பழக்கும் முறைக்குப் "பல்குரல் பயிற்சி" என்று வைத்துக்கொள்ளலாமா?

கருத்து சரி, சொல்தான் இடிக்கிறது. பலகுரல் என்றால் நமக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. ஒரே ஆள் மேடையில் நின்று நான்கு நடிகர்களைப் போலவும் ஒரு சேவலைப் போலவும் பேசிக் காட்டும் கலை அது. 'பல' என்பதைப் 'பல்' என்று சுருக்கிவிட்டால் அந்த நினைப்பு போய்விடாது. "பல்குரல் பயிற்சி முகாம்" என்று அறிவிப்புப் போட்டால் யார் வந்து நிற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மொழி கற்க வருபவரைவிட நடிகர் குரலில் பேசக் கற்க வருபவரே அதிகம் இருப்பார்.

பலகுரலில் ஆள் ஒருவர், குரல்கள் பல. நமக்கு வேண்டியது சொல் ஒன்று, ஆட்கள் பலர். அதனால் நான் சொல்வது "பலர்குரல் பயிற்சி". நடுவில் க் வராதா என்று யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: உயர்திணைப் பெயருக்குப் பின் வல்லினம் இயல்பாகவே வரும். தொழிலாளர் கட்சி, மாணவர் பேரவை போல. ஒரே குரலில் நடத்தும் பயிற்சிக்கு "ஒருவர்குரல் பயிற்சி" என்ற இணைச்சொல்லும் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது.

இந்த வேறுபாட்டை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஜெர்மன் கற்க ஒரு ஒலிப்பாடத் தொகுப்பு வாங்கினேன். முதல் பாடத்திலிருந்து கடைசிவரை ஒரே பெண்மணியின் குரல். மூன்று மாதத்தில் அவர் சொல்வது அத்தனையும் புரிந்தது. எனக்கே கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. அப்புறம் ஒரு நாள் கட்டைக் குரலில் பேசும் பெரியவர் ஒருவர் அதே மொழியில் என்னிடம் ஏதோ கேட்டார். ஒன்றும் புரியவில்லை. அவர் பேசியதை எழுதிக் காட்டியபோது அதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. நான் கற்றது ஜெர்மன் அல்ல, அந்த அம்மையாரை.

காரணம் உடலமைப்பிலேயே இருக்கிறது. குரல்வளையிலிருந்து உதடுவரை உள்ள பாதை வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 செ.மீ., பெண்ணுக்கு அதைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவு, குழந்தைக்கு இன்னும் குறைவு. குழல் குட்டையானால் சுருதி ஏறுவதுபோல, பாதை குட்டையானால் உயிரொலிகளின் அதிர்வெண்களும் மேலே போகும். 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பீட்டர்சன், பார்னி என்ற இரு ஆய்வாளர்கள் ஆண், பெண், குழந்தைகள் என 76 பேரின் ஆங்கில உயிரொலிகளை அளந்தார்கள். ஒருவர் சொன்ன உயிர் இன்னொருவர் சொன்ன வேறு உயிரோடு போய்க் கலந்து நின்றது. அதாவது அளவுகளை மட்டும் வைத்து எது எந்த ஒலி என்று சொல்லிவிட முடியாது. பேசுவது யார் என்பதும் தெரிய வேண்டும். தாய்மொழியில் இந்தக் கணக்கைக் காது நமக்குத் தெரியாமலே போட்டுவிடுகிறது. புது மொழியில் எந்த வேறுபாடு ஆளுடையது, எது மொழியுடையது என்று பிரிக்கவே அதற்கு இன்னும் தெரியாது.

பலர்குரல் முறைக்கு வித்திட்ட ஆய்வுகளும் இதைத்தான் தொட்டன. லோகன், லைவ்லி, பிசோனி மூவரும் 1991இல் ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் ர், ல் வேறுபாட்டை ஐந்து பேரின் குரலில் பழக்கினார்கள். 1993இல் ஒரே ஒருவரின் குரலை மட்டும் கொடுத்தபோது அந்தக் குரலில் தேறினார்கள், புதுக் குரலில் தடுமாறினார்கள். என் கதையேதான். ஆனால் இது முடிந்துபோன விஷயமல்ல. 2022இல் வேறு குழு ஒன்று கற்பவர்களைக் கூடுதலாகச் சேர்த்து அதே ஆய்வை மீண்டும் செய்தபோது பலர்குரலுக்குத் தெளிவான மேன்மை கிடைக்கவில்லை. அதனால்தான் இதே முறைக்குப் போன வாரம் ஒருவர் சொன்ன "குரல்விரிவுத் திறன்பயிற்சி" எனக்கு ஒப்பவில்லை. திறன் விரியும் என்று பெயரிலேயே வாக்குக் கொடுக்கக் கூடாது. என்ன செய்கிறோம் என்பதைச் சொன்னால் போதும்.

> அப்படியானால் ஒரே சொல் ஆளுக்கு ஆள் வேறாக ஒலிப்பதற்குப் "பேச்சாளர் மாறுபாடு" என்று வைத்துக்கொள்ளலாமே?

பேச்சாளர் என்றதும் மாலையும் ஒலிபெருக்கியும் கண்முன் வருகின்றன. அனுப்புநர், பெறுநர், ஓட்டுநர் வரிசையில் "பேசுநர்" இருக்கட்டும். மாறுபாடு என்றால் பகை, முரண் என்ற சாயலும் உண்டு; "பேசுநர் வேறுபாடு" போதும்.

> நல்ல குரல் தெளிவு உள்ள ஒருவரை வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லையே?

இதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். தெளிவு பேசுபவரிடம் மட்டும் இருப்பதில்லை. 1994இல் நைகார்டும் அவருடைய குழுவும் செய்த ஆய்வில், பத்துப் பேரின் குரல்களை அடையாளம் காணச் சில நாள் பழகியவர்கள், இரைச்சலுக்கு நடுவில் அதே ஆட்கள் சொன்ன புதுச் சொற்களைக் கூடுதலாகப் பிடித்தார்கள். குரல் மாறவில்லை, காதுதான் மாறியது. இதற்கு யாரோ "குரல் தகவமைப்பு" என்று எழுதியிருந்தார்கள். கேட்டால் குரல் தன்னைத் தகவமைத்துக்கொள்வதுபோல் இருக்கிறது. கைப்பழக்கம், நாப்பழக்கம் என்று நம் முன்னோர் சொல்லிவைத்திருக்க, "செவிப்பழக்கம்" கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அதை எடுத்துக்கொள்வோம்.

ஒரு சங்கடம் மட்டும் பாக்கி. தமிழ் கற்கும் ஒருவருக்கு வலி, வளி, வழி மூன்றையும் ஐந்து பேர் குரலில் கொடுக்கிறோம் என்று வையுங்கள். அந்த ஐவரில் மூவர் ழகரத்தை ளகரமாகவே சொல்பவர்கள். கற்பவர் காது என்ன முடிவுக்கு வரும்? இரண்டும் ஒன்று என்றுதான். இங்கே வேறுபடுவது குரல் மட்டுமல்ல, உச்சரிப்பும். பலர்குரல் என்ற சொல்லுக்குள் உச்சரிப்பு வேறுபாட்டையும் அடக்கினால் இரண்டு வெவ்வேறு பயிற்சிகள் ஒரு பெயரில் கலந்துவிடும். உச்சரிப்பு ஒன்றாகவும் ஆள் வேறாகவும் இருப்பதற்கே அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு, மற்றதற்குப் "பலர் உச்சரிப்புப் பயிற்சி" என்று தனியாக வைத்தால் நல்லது. கொஞ்சம் நீளம்தான். சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அப்புறம், இப்போது கணினியே ஐம்பது குரல் செய்து தருகிறது. அங்கே 'பலர்' யார் என்று நாளை யாராவது கேட்பார்கள். கேட்பவர் காதுக்கு அவை ஐம்பது ஆட்களாகத் தோன்றினால் பலர்குரல் என்றே சொல்லலாம் என்பது என் கட்சி. மறுப்பு இருந்தால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுமுன் சொல்லிவிடுங்கள்.